கவிழ்த்த வாளி

நாலரைக்குக் கதவைத் திறந்தால்
பிழியாத துண்டு ஒன்றை முகத்தில் போடுகிறது ஜகார்த்தா.
கைபேசியில் இன்று நூற்று அறுபத்தெட்டு,
ஆரஞ்சு தாண்டிச் சிவப்பு.
இதில் ஓடலாமா என்று ரெத்னோவைக் கேட்டிருந்தேன்,
மருந்துக்கடையில் என் பக்கத்துக் கல்லா.
"எண்ணைப் பார்த்தா வீட்டில் மூச்சு விடுகிறாய்?"
சில்லறையிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்.

சரி.
காற்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.
தெருவைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரயில் நிலையத்துப் பக்கம் வெளிச்சம் உண்டு.
தனியாக ஓடுகிறவளுக்கு அது பாதி பலம்.
ஆனால் அங்கே சிற்றுந்துகள்
ஆள் நிறையும்வரை எஞ்சினை அணைக்காமல் நிற்கும்,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் சூடான கறுப்பு வால்.
மூன்று வாரம் அந்த வழியில் ஓடினேன்.
மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில்
பென்சில் சீவிய நிறம்.

மேம்பாலத்தின் அடியில் வெயில் படாது,
புகையும் வெளியேறாது.
மூடிபோட்ட சட்டிக்குள் ஓடிய மாதிரி
நாள் முழுக்கத் தலை கனத்தது.

கல்லறைத் தோட்டம்தான் மனசுக்குப் பிடித்த வழி.
ஈழத்தலரிப் பூ காலடியில் நசுங்கும்.
அங்கே இருப்பவர்கள் யாரும் வண்டி ஓட்டுவதில்லை.
காவல்காரர் ஆறு மணிக்குத்தான் பூட்டைத் திறப்பார்;
அதற்குள் சூரியன் மதிலேறிக் குதித்து
எனக்கு முன்பே உள்ளே போயிருக்கும்.

மிச்சம் இருந்தது கால்வாய்க்கரை.
அகலம், நேர்க்கோடு, நடுவில் சிக்னல் கிடையாது.
வரும் கொஞ்சம் காற்றும் நீளவாக்கில் வரும்.
இரண்டாவது கிலோமீட்டரில் நிமான் குப்பை எரிப்பார்.

தேங்காய் மட்டை, காகிதம், ஷாம்பூ உறை,
நெகிழிப்பை உருகும் அந்த இனிப்பு நாற்றம்.
ஒருநாள் நின்றேன்.
இந்த ஊர் ஈரத்தில் வியர்வை காய்வதில்லை,
முழங்கையிலிருந்து அவர் முற்றத்தில் சொட்டியது.
"ஏழு மணிக்கு எரிக்கக் கூடாதா?"
"ஏழு மணிக்கு அதிகாரி வந்துவிடுவாரே."
ஒளிவுமறைவே இல்லை அவரிடம்.
"குப்பை வண்டி இந்தச் சந்துக்குள் நுழையாது.
அதை வரவழையுங்கள், தீப்பெட்டியை உங்களிடமே தருகிறேன்."

என்னிடம் பதில் இல்லை, மூச்சும் இல்லை.
ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தார்.
குடித்து முடிப்பதற்குள் அவரே சொன்னார்:
வாரத்தில் மூன்று நாள் எரிக்காமல் இருக்கிறேன்.
எந்த மூன்று என்று கேட்காதீர்கள்,
மழையைப் பொறுத்தது, மருமகளைப் பொறுத்தது.
எரிக்காத நாளில் சுவர்மேல்
சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைக்கிறேன்.

அதிலிருந்து பாலத்தின் மேல் நின்று
கைபேசிக்கு முன் வாளியைப் பார்க்கிறேன்.
எண் இறங்கி, வாளி இல்லாத நாள் உண்டு;
திரும்பி ரயில் நிலையத்துக் கறுப்பு வால்களுக்குப் போவேன்.
எண் ஏறி, வாளி இருக்கும் நாளும் உண்டு;
அப்போது மெதுவாக, வாயை மூடி,
நாலு எட்டுக்கு ஒரு மூச்சாக ஓடுவேன்.
இது சரியா என்று நுரையீரலிடம்தான் கேட்க வேண்டும்.
அது உடனே பதில் சொல்கிற உறுப்பு இல்லை.

போன வியாழக்கிழமை
வாளி கவிழ்ந்திருந்தது.
புகையும் இருந்தது.
வாக்குத் தவறிவிட்டார் என்று
வேகம் கூட்டி இறங்கினேன். கோபம்
நல்ல நேரம் கொடுக்கும், கிலோமீட்டருக்கு இருபது வினாடி மிச்சம்.

நிமான் சுவரோரம் கைகட்டி நின்றார்,
அணைந்த சாம்பல் பக்கத்தில், குளித்த தலையோடு.
தாடையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.
அக்கரை.
பச்சைக் கூரைக்குப் பின்னாலிருந்து கிளம்பி
கால்வாயைக் கடந்து எங்கள்மேல் படிந்துகொண்டிருந்தது.

"நீங்கள் போய்ப் பேசுங்கள்," என்றார்.
"அவர்களுக்கும் எனக்கும் ஆகாது."

அடுத்த பாலம் ஒன்றரை கிலோமீட்டர்.
போய், பேசி, திரும்பினால் மூன்று.
ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன்.
"அவர்களிடம் வாளி இருக்கிறதா?" என்று கேட்டேன்.
தெரியாது என்றார்.